தூக்கமும் மயக்க மருந்தும் ஒன்றா? பழ ஈயை வைத்து ஓர் எளிய விளக்கம்

என் சித்தப்பா பாம்பனில் நாட்டுப்படகு மீனவர். போன வருடம் அவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். துளை போட்டுச் செய்வதால் முழு மயக்கம் கொடுப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் நாள் இரவு வார்டில் துணைக்கு நான்தான் இருந்தேன். தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்தவர் என்னிடம் கேட்டார்:

"தாயி, நீதான் உயிரியல் டீச்சராச்சே. முப்பது வருசமா படகுல படுத்துத் தூங்குறவன் நான். என்னதான் அசந்து தூங்குனாலும் வலைக் கயித்துல இழுவை மாறுனா டக்குனு முழிச்சுருவேன். அப்படி இருக்க, ஊசி போட்டுத் தூங்க வச்சுட்டுக் கத்திய வச்சா எந்திரிக்காம இருப்பேனா?"

மிகச் சரியான கேள்வி. 'தூங்க வைத்து ஆபரேஷன்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். நோயாளி பயப்படக் கூடாது என்று டாக்டர்களும் அப்படியே சொல்கிறார்கள். ஆனால் முழு மயக்கம் என்பது தூக்கம் அல்ல. அதற்காக இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. எந்த இடத்தில் ஒட்டுகின்றன, எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைக் காட்டிக்கொடுத்ததில் வாழைப்பழத்தைச் சுற்றும் ஒரு குட்டி ஈக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தக் கதையைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

தூங்கும் மூளை காவலை விடுவதில்லை

திருவிழா நேரத்தில் மைக் செட் அலறிக்கொண்டிருக்கும்போதே தூங்கிவிடுகிறோம். ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தை லேசாகச் சிணுங்கினால் அம்மா எழுந்துவிடுவார். காது திறந்தேதான் இருக்கிறது. வரும் சத்தத்தில் எதை உள்ளே விடலாம், எதை வெளியே நிறுத்தலாம் என்று மூளை தரம் பிரித்துக்கொண்டே இருக்கிறது. சித்தப்பா கயிற்றின் இழுவைக்கு எழுவதும் இந்தக் காவலால்தான்.

தூக்கத்துக்கு இரண்டு அடையாளங்களைச் சொல்லலாம். முதலாவது, எழுப்பினால் எழ முடியும். விழித்திருக்கும்போது போதுமான சின்னச் சத்தம் தூக்கத்தில் போதாது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டாவது, இன்று குறைத்தால் நாளை கூடுதலாகத் தூங்கி ஈடுகட்ட வேண்டும். இதற்குத் தூக்கக் கடன் என்று பெயர்.

முழு மயக்கத்தில் முதல் அடையாளமே கிடையாது. எவ்வளவு உலுக்கினாலும், கத்தியே பட்டாலும், மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை எழ முடியாது. மூச்சு விடும் வேலையும் தளர்ந்துபோகும். அதனால்தான் மயக்கவியல் டாக்டர் ஒருவர் தலைமாட்டிலேயே நின்று ஆக்சிஜன், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். வலிக்குத் தனி மருந்து, தசை தளரத் தனி மருந்து என்று அளவு பார்த்துக் கொடுப்பவரும் அவர்தான். மருந்தை நிறுத்தினால் மீண்டு வரக்கூடிய கோமா என்று இந்த நிலையை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கேட்கப் பயமாக இருந்தாலும் சரியான சொல் அதுதான்.

வயர்லெஸ் வைத்த பத்துப் படகுகள் கடலில் நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அவசரக் குரல் வந்தால் கேட்கும்படி செட்டைத் திறந்தே வைத்திருக்கிறார்கள். மயக்கத்தில் ஒவ்வொரு படகிலும் ஏதோ சத்தம் இருக்கலாம். ஒரு படகில் பேசுவது இன்னொரு படகுக்குப் போய்ச் சேராது. மூளையின் பகுதிகளுக்கு நடுவே இந்தப் பேச்சு அறுந்துபோவதால்தான் நினைவு தப்புகிறது.

இதுவரை பார்த்தது: தூக்கம் என்பது மூளை தானே இறங்கி, தானே ஏறி வரும் நிலை. மயக்கம் என்பது மருந்து பிடித்துவைத்திருக்கும் நிலை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கண்மூடிய மனிதர்தான்.

எந்த ஈ?

சோற்றில் உட்காரும் வீட்டு ஈ இல்லை. மாங்காயைத் துளைத்து உள்ளே புழு வைக்கிறதே, அந்தப் பழ ஈயும் இல்லை. அது வேறு குடும்பம். நான் சொல்வது கனிந்த வாழைப்பழத்தின் மேலும் புளித்த பதநீர்க் கலயத்தின் வாயிலும் கும்பலாகப் பறக்கும், சிவந்த கண் உள்ள, மூன்று மில்லிமீட்டர்கூட நிறையாத ஈ. ட்ரோசோஃபிலா என்பது அறிவியல் பெயர். பழம் புளிக்கும்போது அதில் வளரும் ஈஸ்ட்தான் அதற்குச் சாப்பாடு.

இதை ஏன் பிடித்தார்கள்? முட்டையிலிருந்து பத்தே நாளில் முழு ஈ ஆகிவிடுகிறது. ஒரு கல்விப் பருவத்தில் பல தலைமுறை பார்த்துவிடலாம். நமக்கு நோய் உண்டாக்கும் மரபணுக்களில் ஏறக்குறைய முக்கால் பங்குக்கு இதனிடமும் ஏதோ ஒரு வடிவில் இணை இருக்கிறது. மரபணு என்றால் ஒரு புரதத்தை எப்படிச் செய்வது என்ற குறிப்பு. உயிர் உயிராகப் பிரதி எடுத்து இறங்கி வருவது. அப்புறம், மூளை சிறியது. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உள்ளன. ஈயின் மூளையில் 1,39,255. இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், 2024இல் ஒரு பெண் ஈயின் மூளையில் எந்த செல் எந்த செல்லோடு பேசுகிறது என்ற முழு வரைபடமும் வெளிவந்ததுதான். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள் அதில் இருக்கின்றன.

ஈ தூங்குமா?

தூங்கும். இது உறுதியானது 2000ஆம் ஆண்டில்தான். அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன.

அவர்கள் செய்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ஐந்து மில்லிமீட்டர் அகலம், சுண்டுவிரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலான கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் சர்க்கரையும் அகாரும் (கடற்பாசியிலிருந்து எடுப்பது) கலந்த கூழ், மறுமுனையில் பஞ்சு. உள்ளே ஒரே ஓர் ஈ. குழாயின் நடுவே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கதிர் ஒன்று ஊடுருவிப் போகிறது. ஈ அதைத் தாண்டும்போதெல்லாம் கணினி ஒரு எண் சேர்த்துக்கொள்ளும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு.

ஈ சும்மா நிற்கிறதா, தூங்குகிறதா என்று எப்படித் தெரியும்? தட்டிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் அசையாமல் இருந்த ஈயை அசைக்கக் கூடுதல் அதிர்வு தேவைப்பட்டது. இரவு முழுக்க ஆட்டித் தூங்கவிடாமல் செய்தால் மறுநாள் கூடுதலாகத் தூங்கிக் கடனைத் தீர்த்தது. காப்பியில் உள்ள கஃபீனைக் கலந்து கொடுத்தால் தூக்கம் குறைந்தது. மேலே சொன்ன இரண்டு அடையாளமும் சரியாகப் பொருந்துகின்றன. அதனால்தான் இன்றைக்கும் 'ஐந்து நிமிடம் அசையாத ஈ தூங்குகிறது' என்பது ஆய்வுக்கூடங்களின் கணக்கு.

ஈயும் மத்தியானத் தூக்கம் போடும், வெயில் கூடக்கூட அந்தத் தூக்கம் நீளும். எங்கள் வகுப்பில் ஒரு பாட்டிலில் வாழைப்பழத் துண்டு போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி வைத்திருக்கிறோம். பங்குனி வெயிலில் பிற்பகல் ஒரு மணிக்குப் பார்த்தால் பாதி ஈக்கள் கண்ணாடியில் ஒட்டியபடி கிடக்கும். பாட்டிலை விரல் நுனியால் லேசாகத் தொட்டால் சில மட்டும் பறக்கும். கொஞ்சம் பலமாகத் தட்டினால்தான் மீதியும் கிளம்பும்.

எப்போது தூங்குவது என்பதை முடிவு செய்யும் உடல் கடிகாரம் இதிலிருந்து வேறு. அதற்கான முதல் மரபணுவுக்கு வழி திறந்ததும் இதே ஈதான். அந்த ஆய்வு வெளிவந்தது 1971இல். அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் பக்கத்திலும் இதற்கு ஒரு மரபு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் குகை வௌவால்களை வைத்து இந்தக் கடிகாரத்தைப் பல காலம் ஆராய்ந்தார். என் மாணவர்களில் பலருக்கு அது தெரியாது என்பது எனக்கு வருத்தம்.

உப்பளத்து மடையும் நரம்பு செல்லும்

இனி உள்ளே போகலாம். வாலிநோக்கம் பக்கம் உப்பளம் பார்த்தவர்களுக்கு இது சுலபம்.

உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி மடை இருக்கிறது. மடையைத் திறந்தால் உப்புத் தண்ணீர் பாயும், அடைத்தால் நிற்கும். நரம்பு செல்லும் உப்பை வைத்துத்தான் வேலை செய்கிறது. செல்லுக்கு வெளியே இருக்கும் நீரில், கடல் தண்ணீரைப் போலவே, சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். மின்னூட்டம் உள்ள இந்த உப்புத் துகள்களை அயனி என்கிறோம். செல்லின் சுவரில் இவற்றுக்கென்று தனித்தனி மடைகள் உண்டு; பெயர் அயனி வாயில்.

செய்தி அனுப்ப வேண்டிய நொடியில் சோடியம் மடை திறக்கிறது. சோடியம் உள்ளே பாய, செல் கிளர்ந்தெழுகிறது. உடனே பொட்டாசியம் மடை திறந்து, பொட்டாசியம் வெளியேற, செல் அடங்குகிறது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், அதில் ஒன்றிரண்டு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடும். முதல் மடை செய்தியைத் தொடங்கி வைக்கிறது, இரண்டாவது மடை முடித்து வைக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த பகுதி புரிந்துவிடும்.

காலை ஆட்டிய ஈ

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பழைய காலத்தில் ஈயை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்றால் ஈதர் ஆவி காட்டி மயக்குவார்கள். 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்குப் பலர் முன்னிலையில் கொடுத்து, மயக்க மருந்துக் காலத்தையே தொடங்கிவைத்த அதே ஈதர்தான். ஈதர் பட்டால் ஈ அசையாமல் கிடக்க வேண்டும். ஆனால் ஒரு வகை ஈ மட்டும் மயங்கிக் கிடந்தபடியே கால்களை விடாமல் ஆட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஷேக்கர், அதாவது ஆட்டுகிறவன், என்று பெயர் வைத்தார்கள்.

ஏன் ஆட்டுகிறது? அதன் பொட்டாசியம் மடையில் பழுது. தொடங்கிய செய்தி நேரத்துக்கு அடங்காமல் நீள்கிறது, காலுக்குப் போகும் நரம்பு திரும்பத் திரும்பத் தூண்டுகிறது. 1987இல் இந்த மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். பொட்டாசியம் மடைக்கான மரபணு ஒன்று உலகில் முதன்முதலாகக் கையில் கிடைத்தது அப்போதுதான். அதே குடும்பத்து மடைகள் நம் மூளையிலும் இருக்கின்றன.

2005இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேறொரு தேடல் நடந்தது. சிரெல்லி, டொனோனி குழுவினர் மரபணு மாறிய ஆயிரக்கணக்கான ஈ வகைகளைக் குழாயில் அடைத்து, எது குறைவாகத் தூங்குகிறது என்று தேடினார்கள். சாதாரண ஈ ஒரு நாளைக்கு 9 முதல் 15 மணி நேரம் தூங்கும். ஒரு வகை மட்டும் நான்கைந்து மணி நேரமே தூங்கியது. அதன் மரபணுவைத் தேடிப் போனால், பழுது இருந்தது ஷேக்கரில்! குறைந்த தூக்கத்துக்கு அந்த ஈ விலையும் கொடுத்தது. அதன் ஆயுள் குறைந்திருந்தது.

மயக்க மருந்தின் கீழே காலை ஆட்டியதால் கண்ணில் பட்ட ஒரு மரபணு, அறுபது வருடம் போல ஆன பிறகு தூக்கத்தின் அளவைத் தீர்மானிக்கும் மரபணுவாகத் திரும்பி வந்து நிற்கிறது. தூக்கமும் மயக்கமும் ஏதோ ஒரு இடத்தில் ஒரே மடையைத் தொடுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

மருந்து எங்கே கை வைக்கிறது?

இரண்டு படியாகப் பார்க்கலாம்.

முதல் படி, தூக்கத்தின் வழியிலேயே போவது. மூளையில் 'அடங்கு' என்று சொல்லும் ஒரு வேதிப்பொருள் உண்டு, பெயர் காபா. அது வந்து தொட்டால் குளோரைடு மடை திறக்கும். குளோரைடு உள்ளே போனால் செல் அமைதியாகும். ப்ரோபோஃபால் ஊசியும் ஐசோஃப்ளுரேன் போன்ற ஆவி மருந்துகளும் இந்த மடையைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கின்றன. (எல்லா மருந்தும் இப்படி இல்லை, கெட்டமின் வேறு மடையை அடைக்கிறது.) காபா மடை ஈக்கும் உண்டு, அதன் தூக்கத்திலும் அதற்குப் பங்கு உண்டு. ஈயின் மூளை நடுவே விசிறி விரித்த மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. 2011இல் அங்கே போய்ச் சேரும் சில செல்களைத் தூண்டிவிட்டபோது, விழித்திருந்த ஈ தூங்கிப்போனது. அவற்றில் சரியாக எந்த செல்கள் தூக்கத்துக்குக் காரணம் என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. ஆனால் தூக்கத்தைத் தூண்டும் செல்களைக் கூட்டியோ குறைத்தோ வைத்தால், ஈ மயங்கத் தேவைப்படும் ஐசோஃப்ளுரேன் அளவும் மாறுகிறது.

இதோடு நின்றால் மயக்கமும் ஆழ்ந்த தூக்கம்தான் என்று ஆகிவிடும். சித்தப்பா கத்திக்கு எழுந்துவிடுவார். எனவே இரண்டாவது படி.

ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி தரும் சந்திப்புக்கு சினாப்ஸ் என்று பெயர். அங்கே வேதிப்பொருள் நிரம்பிய குட்டிக் குட்டிப் பைகள் கரைக்கு வந்து இறக்கிவிட்டுப் போகின்றன. மீன் இறங்குதளத்துக்குப் படகு வருவதைப் போல. படகு அணைய வேண்டும், கம்பத்தில் கயிறு மாட்ட வேண்டும், அப்புறம்தான் கூடை இறங்கும். பைகளுக்கு அந்தக் கம்பம் சின்டாக்சின் என்ற புரதம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் வான் ஸ்விண்டரன் குழுவினர் இதைப் பல ஆண்டுகளாக ஈயில் ஆராய்கிறார்கள். ப்ரோபோஃபால் பட்டதும் சின்டாக்சின் நகர முடியாமல் அங்கங்கே குவிந்து நிற்பதை அவர்கள் 2018இல் காட்டினார்கள். கம்பமெல்லாம் ஒரு மூலையில் கட்டாகக் கிடந்தால் படகை எதில் கட்டுவது? சரக்கு இறங்குவது குறைகிறது. சின்டாக்சினில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் உள்ள ஈக்கள் ஐசோஃப்ளுரேனுக்கு எளிதில் மயங்குவதில்லை என்பதும் இதற்கு ஆதரவு.

இயல்பான தூக்கத்துக்கு இந்த இரண்டாவது படி தேவையில்லை என்பது அவர்கள் முடிவு. மருந்து முதலில் தூக்கத்தின் சுவிட்சை அமுக்குகிறது. அளவு கூடும்போது மூளை முழுவதும் இறங்குதளங்களை மந்தமாக்குகிறது. கயிற்றின் இழுவை தூங்குகிறவரின் மூளைக்குள் போய்ச் சேரும். மயங்கியவருக்குக் கத்தியின் செய்தி பாதி வழியிலேயே நின்றுவிடும்.

தரைதட்டிய படகு

ஈயை எப்படி மயக்கி அளக்கிறார்கள்? ஏறத்தாழ நாலடி உயரக் குழாய், உள்ளே சாய்வுத் தட்டுகள், ஊடே ஓடும் மருந்து கலந்த காற்று. மேலே விட்ட ஈக்கள் பிடி தளரத் தளரத் தட்டுத் தட்டாக விழுந்து கீழே வரும். எவ்வளவு நேரத்தில் வந்தன என்பது கணக்கு. இப்போது குழாய்க்குள் அகச்சிவப்பு ஒளிக்கதிர் வைத்தும் பார்க்கிறார்கள்.

இப்படி அளந்ததில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. மயங்க ஓர் அளவு மருந்து தேவை என்றால், அதே அளவுக்குக் குறைத்ததும் விழிப்பு வந்துவிட வேண்டும் அல்லவா? வரவில்லை. அதைவிட நன்றாகக் குறைத்த பிறகே ஈ எழுந்தது. 2010இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கெல்ஸ் குழுவினர் எலியிலும் ஈயிலும் இதைக் காட்டி, நரம்பு நிலைமம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். இருக்கும் நிலையை விட்டு நகர மூளை காட்டும் பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் கடல் உள்வாங்கும் நாட்களில் இதைப் பார்க்கலாம். இடுப்பளவு தண்ணீர் முழங்காலளவு ஆனதும் படகு தரைதட்டிச் சேற்றில் பதிகிறது. தண்ணீர் மறுபடி முழங்காலுக்கு வந்தால் மட்டும் படகு மிதந்துவிடாது. சேறு விட வேண்டும், இன்னும் தண்ணீர் ஏற வேண்டும். ஷேக்கர் முதலான சில மரபணுக்களில் பழுது உள்ள ஈக்களில் இந்தச் சேற்றின் பிடி மாறுகிறது. சிலர் மருந்தை நிறுத்தியதும் சீக்கிரம் விழிப்பதும், சிலர் வெகுநேரம் எடுப்பதும் ஏன் என்று யோசிக்க இது ஒரு தடயம்.

ஈயிடம் கேட்க முடியாதவை

ஈக்கு நுரையீரல் இல்லை, நம்மைப் போல மடிப்பு மடிப்பான பெருமூளையும் இல்லை. 'உனக்கு நினைவு இருந்ததா?' என்று அதைக் கேட்கவும் முடியாது. அசைகிறதா, தட்டினால் திரும்புகிறதா என்றுதான் பார்க்கலாம். யாருக்கு எத்தனை மில்லிகிராம் என்பதை ஈ சொல்லாது. மடைகளும் கம்பங்களும் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சொல்லும், அதுவும் மிகத் தெளிவாக.

சித்தப்பாவிடம் மயக்கவியல் டாக்டர் கேட்ட கேள்விகளில் 'குறட்டை விடுவீங்களா?' என்பதும் ஒன்று. அவர் வெட்கப்பட்டு இல்லை என்றார். சித்தி குறுக்கிட்டு உண்மையைச் சொன்னார். நல்லவேளை. தூக்கத்தில் மூச்சு அடைபடுகிறவர்களுக்கு மயக்கத்திலும் அதற்குப் பிறகும் மூச்சுச் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம். இதை யாரும் மறைக்க வேண்டாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. "கண்ணை மூடுன மாதிரியே இல்ல தாயி, நடுவுல இருந்த நேரத்தையே காணோம்" என்றார். தூங்கி எழுந்தால் கொஞ்ச நேரம் போயிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இதில் அது தெரியாது. பிறகு இன்னொரு கேள்வி: "ரெண்டு ராத்திரியா ஒழுங்கா தூங்கலையே, ஆபரேஷன் டேபிள்ல கிடந்தது அந்தக் கணக்குல கழிஞ்சிருக்குமா?"

இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், எலிகளில். தூங்கவிடாமல் வைத்த எலிகளுக்கு ப்ரோபோஃபால் மயக்கம் கொடுத்தபோது தூங்கி எழுந்ததைப் போலவே கடன் கழிந்தது. செவோஃப்ளுரேன் ஆவி கொடுத்தபோது ஆழ்தூக்கத்தின் கடன் கழிந்தது, கனவு வரும் தூக்கத்தின் கடன் அப்படியே நின்றது. மருந்துக்கு மருந்து வேறுபடுகிறது. சித்தப்பாவுக்கு இரண்டும் கொடுத்திருந்தார்கள்.

அதை அவரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுப் படுத்தவர் நாலு மணி வரை எழவில்லை. தெருவில் மீன் வண்டி ஹாரன் அடித்தபோது மட்டும் ஒரு தடவை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பிப் படுத்துக்கொண்டார்.